மூத்திர வாடையும் நானோ மோட்டாரும்

1

நம் பள்ளியின் ஆண்டுமலர் வரும் சமயத்தில் "வெளிநாட்டிலிருந்து ஏதாவது எழுதி அனுப்புங்கள்" என்று தலைமையாசிரியை கேட்பார். பேராவூரணிப் பக்கத்தில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மலேசியா வந்தவனுக்கு இது பெரிய மரியாதை. ஒருமுறை இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எழுதினேன். இன்னொரு முறை கோலா சிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிகளைப் பற்றி எழுதினேன்.

பிள்ளைகளே, இந்த முறை அருவருப்பைப் பற்றி எழுதப்போகிறேன். சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள், இல்லை வாசித்துவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம்.

கோலா சிலாங்கூரில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவிப் பராமரிக்கும் ஒப்பந்தம் எனக்கும் என் மனைவி லோகாவுக்கும் இருக்கிறது. இங்கே கழிப்பறையைத் தண்டாஸ் என்பார்கள். மின்மினி பார்க்கப் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள், மின்மினிக்கு முன்னால் பார்ப்பது எங்கள் தண்டாஸைத்தான். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்து மூக்கில் குத்தும், கண்ணை எரிக்கும். வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அதே வாடை திரும்ப வந்துவிடும்.

அந்த வாடை உங்களுக்கும் தெரியும். நம் பள்ளிக்குப் பின்னால் பையன்கள் ஒதுங்கும் சுவர் ஒன்று இருக்கிறதே! நாங்கள் படித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓடிவருவோம். அதிக நேரம் அங்கே நிற்கிறவன் வீரன் என்று பந்தயம்கூட உண்டு. ஊரை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு ஊர் என்றால் முதலில் அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. அது என்ன வாடை, ஏன் வருகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கோலாலம்பூரில் (இங்கே சுருக்கமாகக் கேஎல்) படிக்கும் என் மகள் கயல்தான், போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அதைச் சொன்னாள்.

2

தீபாவளியன்று லோகாவின் அண்ணன் மணியம் வந்திருந்தார். பக்கத்து ஊரான புக்கிட் ரோத்தானில் தனியாக இருக்கிறார். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரியைக் காலமெல்லாம் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். ஆனால் வாய்க்கு மட்டும் அளவு கிடையாது.

"ஏம்மா கயலு, கேஎல்ல என்னதான் படிக்கிற? கேக்கிறவனுக்கு நான் என்னான்னு சொல்றது?"

"மோட்டார் செய்யிறோம் மாமா."

"பொம்பளப் புள்ள வர்க்‌ஷாப்புலயா?"

"கண்ணுக்கே தெரியாத மோட்டார் மாமா. நானோ மோட்டார்."

"சரி, எதுல ஓடுது? பெட்ரோலா, பேட்டரியா?"

"யூரியா."

மணியம் முறுக்கைக் கீழே வைத்தார். "செம்பனைக்குப் போடுற ஒரமா?"

"அதேதான். நம்ம மூத்திரத்துலயும் அது இருக்கு மாமா."

"இந்தா! சாப்பிடுற எடத்துல என்னாடி பேச்சு?" என்று லோகா கத்தினாள்.

"நீ சும்மா இரு லோகா. நல்ல நாளும் அதுவுமா மூத்திரக் கத கேக்கிற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்? மா, இரு இரு, நான் பிடிக்கிறேன்" என்று மணியம் கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். தங்கை மகள் விஞ்ஞானம் பேசுகிறாள் என்ற பெருமை முகமெல்லாம் வழிந்தது.

அவள் சொன்னதை உங்களுக்காக என் பாணியில் சொல்கிறேன். தப்பிருந்தால் என் தப்பு, அவளுடையது இல்லை.

என்சைம் என்பதைத் தமிழில் நொதி என்பார்கள். உங்கள் வீட்டுத் தோப்பில் தேங்காய் உரிக்க நட்டுவைத்திருக்கும் கூர்க் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காயை உரித்தால் மட்டை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். கம்பி அப்படியே நிற்கும். அடுத்த காய், அதற்கடுத்த காய் என்று அது பாட்டுக்கு வேலை செய்யும், தீர்ந்துபோகாது. நொதியும் அப்படித்தான். யூரியேஸ் என்று ஒரு நொதி. அது உரிக்கிற காய் யூரியா. உரித்தால் அமோனியா ஒரு பக்கம், கரியமில வாயு ஒரு பக்கம். அந்த அமோனியாதான் கண்ணை எரிக்கிறது. தரையில் இருக்கும் கிருமிகளிடம் இந்த நொதி இருப்பதால்தான், நான் எத்தனை கழுவினாலும் கொஞ்ச நேரத்தில் வாடை திரும்பி வருகிறது.

இனி மோட்டார். தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உருண்டை அது. அதன் மேல் இந்த நொதியை ஒட்டுகிறார்கள். யூரியா கலந்த நீரில் விட்டால் உருண்டை நகர்கிறது. எப்படி? ஒரு சம்பான் படகில் நிறையப் பேர் உட்கார்ந்து தேங்காய் உரிக்கிறார்கள் என்று வையுங்கள். உரித்த மட்டையை எல்லோரும் நாலா பக்கமும் எறிந்தால் படகு நின்ற இடத்தில் ஆடும். ஒரே பக்கம் அதிகமாக எறிந்தால் படகு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நொதி சமமில்லாமல் ஒட்டியிருந்தால் உருண்டைக்கும் அப்படி ஒரு தள்ளல் கிடைக்கும். இது உங்களுக்குப் புரிவதற்காகச் சொன்ன மாதிரிதான். அந்தத் தள்ளல் சரியாக எப்படி உண்டாகிறது என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துப்போகவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னாள். அவ்வளவு சிறியதற்குத் தண்ணீர் தண்ணீராக இருக்காது, கெட்டித் தேன் மாதிரி இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் நம் சைக்கிள் கொஞ்ச தூரம் உருளும். அங்கே அது நடக்காது. எரிபொருள் நின்ற கணமே நகர்வும் நின்றுவிடும். சுற்றியிருக்கும் நீர்த்துகள்கள் வேறு அதை ஓயாமல் இடித்துத் திருப்பிவிடும். இத்தனைக்கும் நடுவில் ஒரு திசையில் போகவைப்பதுதான் அவர்கள் படும் பாடு.

"இதால என்ன பிரயோசனம்?" என்று மணியம் கேட்டார்.

"மூத்திரப் பையில கட்டி இருந்தா, மருந்த எடுத்துக்கிட்டு அங்கயே போகவைக்கலாமான்னு பாக்கிறாங்க. மூத்திரத்துலதான் யூரியா இருக்கே, அங்க எரிபொருளுக்குப் பஞ்சமே இல்ல." பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குக் கிட்னி வேல செய்யாததால ரத்தத்துலயே யூரியா நெறைய. டேங்கி ஃபுல்லு மாமா நீங்க!"

வீடே சிரித்தது. மணியம்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கயல் சொன்னாள்: "சும்மா சொன்னேன் மாமா. மனுசனுக்கு இன்னும் இல்ல. எலிக்குத்தான் குடுத்துப் பாக்கிறாங்க. அதுவும் கிட்னிக்கு இல்ல."

இந்தக் கடைசி வார்த்தைகளும் மணியத்தின் கைப்பேசியில் பதிவாகியிருந்தன. அதை மறக்காதீர்கள்.

3

இங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்னாசித் தோல், பழுப்புச் சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் பீப்பாயில் போட்டு மூடி, மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். அதற்குப் பெயரே என்சைம்தான். "ஒங்க வீட்டு என்சைம் நுரைச்சிருச்சா?" என்று பெண்கள் விசாரித்துக்கொள்வார்கள். தரை துடைக்க, சாக்கடையில் ஊற்ற ஆகும். நானும் தண்டாஸில் ஊற்றுகிறேன். அது வெறும் காடிதானோ என்னவோ. அழுக்குக் கொஞ்சம் விடுகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்தச் சரக்கைத் தங்க நிற லேபிள் ஒட்டிய புட்டியில் அடைத்து, குடித்தால் வியாதி போகும் என்று வாயால் சொல்லி விற்க ஒருவர் கிளம்பினார். எல்லோரும் அவரைக் "கோச்" என்று கூப்பிட்டார்கள். தோட்டம் தோட்டமாகப் போவார், கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டுப் பேசுவார். புட்டியின் மேல் "நானோ மோட்டார் என்சைம்" என்று அச்சடித்திருந்தது.

அந்தப் பெயர் வந்த வழி இதுதான்: தீபாவளியன்று எடுத்த வீடியோவை மணியம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அது கைமாறிக் கைமாறிக் கோச்சிடம் போய்ச் சேர்ந்தது. கோச் அதை வெட்டினார். கயல் "மோட்டார்" என்கிறாள், உடனே பின்னணியில் இசை. "மருந்த எடுத்துக்கிட்டு அங்கயே போகும்" என்கிற மாதிரி ஒரு துண்டு. "டேங்கி ஃபுல்லு மாமா நீங்க!" என்று திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் தங்கப் புட்டி மெதுவாகச் சுற்றுகிறது. "சும்மா சொன்னேன்" இல்லை, "மனுசனுக்கு இன்னும் இல்ல" இல்லை.

அதைப் பார்த்துவிட்டு மணியம் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள! நம்ம கயலு விளம்பரத்துல வந்துட்டா லா!"

"யாரைக் கேட்டுப் போட்டாங்க மச்சான்?"

"அத விடுங்க. புள்ள எவ்வளவு அழகா பேசுது பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏமாற்றுக்காரன் விளம்பரம் போடுகிறான், நாலு நாளில் அடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். மணியம் புட்டி வாங்கியது எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லோகா அண்ணனுக்கு ரசம் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாள், வீடு பூட்டியிருக்கும், வெளியே வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. உடனே எனக்குப் போன் அடித்தாள். "என்னங்க, சுருக்கா வாங்க. இவரு ஒரு வாரமா மையத்துக்கே போவலையாம்!"

4

நான் போனபோது மேசையில் தங்கப் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். வாடையைப் பார்த்தால், காலையில் நான் தண்டாஸ் தரையில் ஊற்றிவிட்டு வந்த அதே சரக்கு.

"ஏன் மச்சான் போவல?"

"யோசிச்சுப் பாருங்க மாப்ள. நான் லோரிக்காரன். மோட்டார் ஓடணும்னா பெட்ரோல் வேணும். எனக்குப் பெட்ரோல் யூரியா. கயலே சொல்லிருச்சு, டேங்கி ஃபுல்லுன்னு. அந்த மெஷின்ல போயி படுத்தா அவ்வளவு பெட்ரோலயும் உறிஞ்சி எடுத்துர்றான். அப்புறம் மோட்டார் எப்படி ஓடும்? கோச்கிட்ட கேட்டேன். சரியாப் புடிச்சிட்டீங்க அண்ணேன்னாரு."

"சரியாப் புடிச்சிட்டீங்க"ளாம்! பிள்ளைகளே, நான் இத்தனை வருஷம் மற்றவர்களின் அசிங்கத்தைக் கழுவுகிறேன். இப்படி ஓர் அசிங்கத்தை நான் பார்த்ததில்லை.

"சும்மா சொன்னேன்னு அவ ஒங்க மொகத்தப் பாத்துச் சொன்னாளே மச்சான். ஒங்க போன்லயே இருக்கே."

"அது சும்மா வீட்ல எடுத்தது. இதுல மியூசிக்கெல்லாம் போட்டு, கம்பெனிக்காரன் போடுறான்னா விசாரிக்காமயா போடுவான்?"

அவர் என் பக்கம் சாய்ந்து இதைச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த காற்று என் முகத்தில் அடித்தது. நான் என்னை அறியாமல் பின்னால் தள்ளிப்போனேன். காலையில் கதவைத் திறந்ததும் குத்தும் அதே வாடை. நம் பள்ளிச் சுவரின் வாடை. ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்தது.

வெளியே வந்து கயலைக் கூப்பிட்டேன். மாமா மையத்துக்குப் போகவில்லை, கால் வீங்கியிருக்கிறது என்றேன். எப்படிச் சொல்வதென்று தயங்கி, "வாயில ஒரு வாடை வருதும்மா" என்றேன்.

"என்ன வாடைப்பா?"

"நம்ம தண்டாஸ் வாடை."

அவள் வேகமாகப் பேசினாள். "அப்பா, அது அமோனியா. ரத்தத்துல ஏறின யூரியா எச்சில்ல வருது, வாயில இருக்கிற கிருமி அத ஒடைக்குது. மூச்சு வாங்குறாரா? ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. பேசிக்கிட்டு நிக்காதீங்க. இப்பவே."

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றினோம். வழியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. லோகா அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கழுவுற தண்ணிய வாங்கிக் குடிச்சிருக்கியே, மடையா, மடையா" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

உடனே டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். யூரியா தேங்கியது ஒரு பக்கம் என்றால், உப்புச்சத்தும் தண்ணீரும் உடம்பில் ஏறியது இன்னொரு பக்கம். அளந்து குடிக்க வேண்டிய மனிதர் புட்டி புட்டியாகக் குடித்திருந்தார்.

கயல் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தாள். மாமா கண் திறந்ததைப் பார்த்தாள். வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நெசமாவே அந்த மோட்டார் அவரு ரத்தத்துல ஓடினாக்கூட அது நல்லதில்ல. அது யூரியாவ வெளிய எடுக்காது, அமோனியாவா மாத்தும். அது இன்னும் வெசம். இதையும் நான் சொல்லியிருக்கணும். ஜோக் அடிச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே வீட்ல இதப்பத்தி நான் பேசவே மாட்டேன். இங்கிலீஷ்ல லேப்ல பேசிக்கிறேன், போதும்."

அந்த வார்த்தை எனக்கு வலித்தது. இங்கே பிள்ளைகள் வளர வளரத் தமிழ் சமையலறைக்குள் ஒதுங்கிவிடும். சாதம் போடு, சாவி எங்கே, பசியாறிட்டியா என்பதோடு முடிந்துவிடும். இவள் ஒருத்திதான் தான் படிப்பதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் அந்தக் கோச் அறுத்துவிட்டான்.

5

புகார் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்ல வேண்டாம், ஓர் அரசாங்க அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருந்தவர் புட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது பானம். உணவுப் பிரிவுக்குப் போங்கள்" என்றார். உணவுப் பிரிவில், "நோயைக் குணமாக்கும் என்று சொன்னாரா? அப்படியானால் மருந்துப் பிரிவு" என்றார்கள். மருந்துப் பிரிவில், "லேபிளில் குணமாக்கும் என்று எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார்கள். வீடியோவைக் காட்டினேன். "இதில் பேசுகிறவர் யார்?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்.

"என் மகள்."

"அப்படியானால் உங்கள் மகள்தானே விளம்பரம் செய்கிறார்?"

பதற்றத்தில் என் மலாய் எப்போதும் காலை வாரும். "அவர் வாயில் மூத்திர வாடை வந்தது" என்று சொல்ல நினைத்து, "முலுட் டியா கென்சிங்" என்றுவிட்டேன். அவர் வாய் மூத்திரம் போகிறது என்று அர்த்தம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புட்டியை வாங்கி ஓரமாக வைத்து, முழுக்கதையையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விசாரிக்கட்டும்.

கோச் வீடு தேடி வந்தார். கையில் பழக்கூடை. "அண்ணே, மணியம் அண்ணன் அளவு தெரியாம குடிச்சிட்டாரு. அதான் சிக்கல். நம்ம ப்ராடக்ட் மேல தப்பில்ல. கயல் தங்கச்சி இன்னும் ரெண்டு வீடியோ பேசிக் குடுத்தா எல்லாம் சரியாயிடும், கமிஷனும் தர்றோம்."

லோகா உள்ளேயிருந்து வந்தாள். தரை கழுவ வைத்திருந்த எங்கள் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை மொண்டு நீட்டினாள்.

"குடிங்க கோச். நீங்க விக்கிறதுதான். ஒரு வாய் குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க."

அவர் கோப்பையைப் பார்த்தார். அதில் ஒரு பூச்சி மிதந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பழக்கூடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தான் விற்பதைப் பார்த்துத் தனக்கே குமட்டும் மனிதன்! வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் செகிஞ்சான் என்ற ஊரிலிருந்து ஒருவர், "இது உங்க மகதானே?" என்று எனக்கே அனுப்பினார்.

6

மணியம் மறுபடி மையத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் கயலைத் தன்னோடு வரச் சொன்னார். நான்தான் இருவரையும் கூட்டிப்போனேன். ஊசி குத்தி, குழாயில் ரத்தம் போய் வர ஆரம்பித்ததும், ஊசி குத்தாத கையால் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மா, அந்த மோட்டார் கதைய இன்னொரு வாட்டி சொல்லு."

"வேணாம் மாமா."

"சொல்லும்மா. அந்தப் படத்த நான்தான் ஊரெல்லாம் அனுப்புனேன். இப்ப இதையும் நானே அனுப்புறேன்."

"இதையும் வெட்டிருவாங்க மாமா. என்ன சொன்னாலும் வேண்டியத மட்டும் வெட்டி எடுத்துக்குவாங்க."

மணியம் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். லோரியில் கயிறு கட்டுவதைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்: "அவன் எங்க வெட்டுனான்? நீ கடைசியா 'மனுசனுக்கு இன்னும் இல்ல'ன்னு சொன்ன பாரு, அது தனியா தொங்குச்சு. அறுத்துட்டான். இந்த வாட்டி அதக் கடைசியில வைக்காத. ஒவ்வொரு பேச்சுலயும் போட்டுக் கட்டு."

கயல் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள். நான் பிடித்தேன்.

"மனுசனுக்கு இன்னும் இல்லாத இந்த மோட்டார் யூரியாவுல ஓடும். மனுசனுக்கு இன்னும் இல்லாத இந்த மோட்டார் மேல ஒரு என்சைம் ஒட்டியிருக்கும். மனுசனுக்கு இன்னும் இல்லாத இந்த மோட்டார் எந்தப் புட்டியிலயும் வராது..."

"மா, எப்பத்தான் வரும்?" என்று மணியம் குறுக்கே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ரத்தம் ஓடும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரியாது மாமா."

"என் காலத்துல?"

"தெரியாது மாமா. நெசமாவே தெரியாது."

"சரி. அதையும் போடு. வெட்டாத."

அதையும் வெட்டாமல் அனுப்பினோம். அதற்கு இசை கிடையாது. பின்னால் டயாலிசிஸ் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.